பஞ்சமும் பட்டாளமும் – 9: காபூல் செலவு யார் கணக்கில்?

சென்ற வாரம் தாது வருஷப் பஞ்சத்தின் நிவாரண முகாம்களில் நிறுத்தியிருந்தோம். நாள் முழுக்கக் கல்லுடைத்தவனுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று வைசிராய் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் முடிவு செய்ததையும், அது உயிரைப் பிடித்து வைக்கக்கூடப் போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் மல்லுக்கு நின்றதையும் பார்த்தோம். 1878இல் பஞ்சம் ஒருவாறு அடங்கியது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கு மேல் மாண்டிருப்பார்கள் என்பது பிறகு அமைந்த பஞ்சக் கமிஷனின் மதிப்பீடு.

அதே 1878ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி, வைசிராய் லிட்டன் பிரபுவின் படைகள் கைபர், குர்ரம், காந்தகார் என்று மூன்று வழிகளில் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்தன. பஞ்சத்தில் ஒரு ராத்தலுக்கும் ஒன்றரை ராத்தலுக்கும் இடையே கணக்குப் பார்த்த அரசாங்கம் இந்தப் போரில் எப்படிக் கணக்குப் பார்த்தது? கணக்கைச் சரிபார்க்கும்படி கேட்டவர்கள் யார், அவர்களுக்குக் கிடைத்த பதில் என்ன? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

உப்பில் தொடங்கிய வாக்குறுதி

பஞ்சம் முடியுமுன்னே, 1877 டிசம்பரில், வைசிராயின் சபையில் நிதி உறுப்பினர் ஜான் ஸ்ட்ரேச்சி ஒரு திட்டம் வைத்தார். பஞ்சம் இனி எப்போதாவது வந்து போகும் விருந்தாளி அல்ல. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தவறாமல் வரும். ஆகவே ஆண்டுதோறும் 15 லட்சம் பவுன் அதற்கென்று மிச்சம் பிடிக்க வேண்டும். அன்றைய அரசுக் கணக்கில் ஒரு பவுன் என்றால் பத்து ரூபாய். அதாவது ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய். பஞ்சக் காப்பீடு என்று அதற்குப் பெயர்.

திட்டத்தைக் குறை சொல்வதற்கில்லை. பணம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வடக்கே நிலத்தின் மீது ஒரு கூடுதல் தீர்வை. நாடு முழுக்க வியாபாரிகள் மீதும் கைவினைஞர்கள் மீதும் லைசென்ஸ் வரி. சில்லறைக் கடை வைத்திருப்பவர், எண்ணெய் வாணியர், தட்டார் எல்லோரும் அதற்குள் வந்தார்கள். உத்தியோகஸ்தர்கள் வரவில்லை. வக்கீல்கள் வரவில்லை. சூரத்தில் 1878 ஏப்ரலில் கடையடைப்பு கலவரமாக மாறித் துப்பாக்கிச் சூடு வரை போனது.

சென்னை மாகாணத்துக்கு இன்னொரு சுமையும் சேர்ந்தது. அது உப்பு. மாகாணத்துக்கு மாகாணம் வேறுபட்டிருந்த உப்பு வரியைச் சமப்படுத்துகிறோம் என்று வங்காளத்தில் சற்றே குறைத்தார்கள். சென்னையிலும் பம்பாயிலும் ஏற்றினார்கள். 82 ராத்தல் கொண்ட ஒரு மணு உப்புக்கு 1 ரூபாய் 13 அணாவாக இருந்த வரி, ஒரே வீச்சில் 2 ரூபாய் 8 அணா ஆயிற்று. பஞ்சத்தில் மிக அதிகமாக அடிபட்ட மாகாணம் எதுவோ, அதே மாகாணத்தின் கஞ்சியில் விழும் உப்புக்கு விலை ஏறியது.

இவ்வளவுக்கும் ஈடாக லிட்டன் ஒரு வாக்குக் கொடுத்தார். இந்தப் புதிய வரிகளுக்கு ஒரே நியாயம் பஞ்சத்திலிருந்து மக்களைக் காப்பதுதான். அந்த நோக்கத்துக்கன்றி வேறெதற்கும் இந்தப் பணம் போகாது. சபையிலேயே, பதிவேட்டிலேயே சொன்ன வாக்கு அது. அதன் ஆயுள் ஒரு வருஷம்கூட இல்லை.

அமீர் செய்த குற்றம்

போருக்குக் காரணம் ரஷ்யா. ஆனால் போர் ரஷ்யாவோடு அல்ல.

1873இல் கீவா, 1876இல் கோகந்த் என்று மத்திய ஆசியாவின் சமஸ்தானங்கள் ஒவ்வொன்றாக ஜாரின் கைக்குள் போய்க்கொண்டிருந்தன. லண்டனில் பிரதமர் டிஸ்ரேலிக்கு, அதாவது பீக்கன்ஸ்ஃபீல்ட் பிரபுவுக்கு, இந்தியாவின் வாசலில் கரடி வந்து நிற்கிறது என்ற கவலை. ரஷ்யா துருக்கியோடு மோதிய 1877-78 போரில் பிரிட்டன் தலையிடும் நிலை வந்தது. இந்தியச் சிப்பாய்களைக் கப்பலேற்றி மால்ட்டாவில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பதிலடியாக ரஷ்யா, ஜெனரல் ஸ்டோலியதோவ் தலைமையில் ஒரு தூதுக்குழுவைக் காபூலுக்கு அனுப்பியது. வர வேண்டாம் என்று அமீர் ஷேர் அலி தடுத்துப் பார்த்தார். குழு வந்தே விட்டது. அது காபூலில் நுழைந்தபோது, பெர்லினில் வல்லரசுகள் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு ஐரோப்பாவில் சண்டை தீர்ந்து போயிருந்தது.

ரஷ்யத் தூதரை ஏற்றால் எங்கள் தூதரையும் ஏற்க வேண்டும் என்றார் லிட்டன். அமீரின் பட்டத்து இளவரசன் ஆகஸ்டில் இறந்திருந்தான். துக்கத்தில் இருந்தவர் அவகாசம் கேட்டார். லிட்டன் காத்திருக்கவில்லை. நெவில் சேம்பர்லின் தலைமையில் சென்ற குழுவை செப்டம்பர் 21ஆம் தேதி கைபரின் அலி மஸ்ஜித் கோட்டையருகே ஆப்கானியர்கள் திருப்பி அனுப்பினார்கள். அவமானம் என்று தந்திகள் பறந்தன. நவம்பர் 20க்குள் மன்னிப்புக் கேட்க வேண்டும், நிரந்தரப் பிரிட்டிஷ் தூதரை ஏற்க வேண்டும் என்று கெடு வைத்தார்கள். அமீரின் பதில் வந்து சேர்வதற்குள் கெடு முடிந்து படைகள் எல்லை தாண்டிவிட்டன.

ஷேர் அலி பரம்பரை எதிரி அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1869இல் அம்பாலாவுக்கு நேரில் வந்தும், 1873இல் சிம்லாவுக்குத் தம் தூதரை அனுப்பியும், ரஷ்யா தாக்கினால் துணைக்கு வருவோம் என்று எழுதிக் கொடுங்கள் என்று பிரிட்டிஷாரிடம் கேட்டவர் அவர்தான். உறுதியான பதில் கிடைக்கவில்லை. கேட்டபோது கொடுக்க மறுத்த நட்பை இப்போது பீரங்கியோடு கொண்டு போனார்கள்.

ஒரே வாரம், இரண்டு விவாதங்கள்

போர் தொடங்கிய பிறகுதான் பார்லிமென்ட் கூடியது, டிசம்பர் 5. போர் சரியா தவறா என்ற விவாதம், போர் நடந்துகொண்டிருக்கும்போதே நடந்தது.

அரசுத் தரப்பின் வாதம் எளிதில் தள்ளிவிடக் கூடியதல்ல. இந்தியாவின் வடமேற்கு எல்லை தற்செயலாக அமைந்துபோன எல்லை. மலைகளுக்கு இந்தப் பக்கம் நாம், கணவாய்களின் சாவி அந்தப் பக்கம். முறைப்படி வகுத்த எல்லை வேண்டும் என்று பீக்கன்ஸ்ஃபீல்ட் நவம்பரில் லண்டன் கில்ட்ஹாலிலேயே பேசியிருந்தார். இன்று சிறிய செலவில் கணவாய்களைப் பிடிக்காவிட்டால், நாளை சிந்து நதிக்கரையில் ரஷ்யாவைப் பெரிய செலவில் எதிர்கொள்ள நேரும். பத்தாண்டுக்கு முன் கைகட்டி இருந்த கொள்கையின் பலன்தான் காபூலில் ரஷ்யத் தூதர் என்பது அவர்கள் கட்சி.

எதிர்த்தரப்பில் முன்னின்றவர் அந்தக் கைகட்டிய கொள்கையை நடத்தியவரேதான். முன்னாள் வைசிராய் லாரன்ஸ். பஞ்சாபில் வாழ்நாளைக் கழித்தவர். பார்வை மங்கிக்கொண்டிருந்த கடைசிக் காலத்தில் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதத்தின் மேல் கடிதமாக எழுதினார். குற்றம் ரஷ்யாவுடையது என்றால் கணக்கை ரஷ்யாவோடு தீருங்கள். இரண்டு யானைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட அமீரை ஏன் அடிக்கிறீர்கள்? ஆப்கானிஸ்தானுக்குள் போவது எளிது, இருப்பதும் திரும்புவதும்தான் கடினம். 1842இல் காபூலிலிருந்து பின்வாங்கிய படைக்கு நேர்ந்ததை மறந்துவிட்டீர்களா? இந்தியக் கஜானாவால் இதைத் தாங்க முடியாது என்பதையும் அவர் விடாமல் சொன்னார்.

பிரபுக்கள் சபையில் அரசுக்கு 201, எதிராக 65. மக்கள் சபையில் டிசம்பர் 13ஆம் தேதி கண்டனத் தீர்மானம் 328க்கு 227 என்ற கணக்கில் தோற்றது.

அத்தோடு முடிந்திருந்தால் அது வழக்கமான கட்சிச் சண்டை. மூன்று நாள் கழித்து வந்த இரண்டாவது விவாதம்தான் நம் தொடருக்கு முக்கியம். 1858ஆம் ஆண்டின் இந்திய ஆட்சிச் சட்டத்தில் 55ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. படையெடுப்பைத் தடுப்பது போன்ற அவசரம் தவிர, எல்லைக்கு வெளியே நடக்கும் போருக்கு இந்திய வருமானத்தை எடுக்க வேண்டுமானால் பார்லிமென்டின் இரு சபைகளும் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதத்தைக் கேட்டு டிசம்பர் 16ஆம் தேதி அரசு தீர்மானம் கொண்டுவந்தது.

எதிர்த்து எழுந்தவர் ஹென்றி ஃபாசெட். கேம்பிரிட்ஜில் பொருளாதாரப் பேராசிரியர். இருபத்தைந்து வயதில், 1858இல், வேட்டைத் துப்பாக்கிக் குண்டு பட்டு இரண்டு கண்களும் போயின. இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராதவர். ஆனால் இந்திய வரவு-செலவுக் கணக்கைப் பிறரை வாசிக்கச் சொல்லிக் கேட்டு மனத்தில் நிறுத்திக்கொண்டு, வருஷாவருஷம் காலி இருக்கைகள் முன்னால் பேசியவர். 1867இல் துருக்கி சுல்தானுக்கு லண்டனில் கொடுத்த விருந்து நடனத்தின் செலவை இந்தியக் கணக்கில் எழுதியதை அம்பலப்படுத்தினார். 1874 தேர்தலில் அவர் தோற்றபோது, அடுத்த தொகுதியில் நிற்பதற்காக இந்தியாவிலிருந்து சந்தா திரட்டி அனுப்பினார்கள். இந்தியாவின் உறுப்பினர் என்றே அவரை அழைத்தார்கள்.

அன்று அவர் வைத்த வாதத்தின் சாரம் இது. இந்தப் போர் சாம்ராஜ்யத்தின் நலனுக்காக, ஐரோப்பாவில் ரஷ்யாவோடு நடந்த சதுரங்கத்தின் தொடர்ச்சியாக வந்தது என்று நீங்களே பேசியிருக்கிறீர்கள். அப்படியானால் சாம்ராஜ்யம் பணம் கொடுக்கட்டும். போர் வேண்டுமா என்று இந்தியரை யாரும் கேட்கவில்லை. கேட்கவும் வழியில்லை, அவர்களுக்கு இங்கே ஒரு வாக்குக்கூடக் கிடையாது.

அரசு சொன்ன பதிலில்தான் வேடிக்கை. செலவு பெரிதல்ல, அந்த ஆண்டுக்குப் பத்து லட்சம் பவுனை ஒட்டித்தான் வரும். இந்திய பட்ஜெட்டிலோ இருபது லட்சம் பவுனுக்கு மேல் உபரி இருக்கிறது. புதிய வரி எதுவும் போடாமலே சமாளிக்கலாம்.

அந்த உபரி எது? பஞ்சத்துக்கென்று போட்ட வரிகளிலிருந்து மிச்சம் பிடித்த 15 லட்சம் அதற்குள்தான் இருந்தது. அதைக் கழித்துவிட்டால் இந்தப் போருக்குக் கொடுக்க உபரி போதாது. ஃபாசெட் இதை அங்கேயே சுட்டிக்காட்டினார். பஞ்ச நிதி என்று தனிப் பெட்டி எதுவும் வைக்கவில்லை, பொதுவான உபரியைத்தான் அப்படிச் சொன்னோம் என்பது பிறகு கல்கத்தாவில் சொன்ன விளக்கம். கணக்குப் புத்தக முறைப்படி அது சரி. உப்புக்கு ஏற்றிய வரியைக் கொடுத்தவனுக்கு அந்த முறை தெரியாது. அவனுக்குத் தெரிந்தது வைசிராய் கொடுத்த வாக்கு மட்டும்தான்.

ஃபாசெட்டின் திருத்தம் தோற்றது. தோற்ற வாக்கில் ஒரு பாடம் இருக்கிறது. போரே கூடாது என்று மூன்று நாள் முன்பு கைதூக்கியவர்களில் ஒரு பெரும் பகுதி, போருக்கு இங்கிலாந்து பணம் கொடுக்க வேண்டும் என்ற வாக்கெடுப்பில் அவர் பக்கம் நிற்கவில்லை. ஆப்கானியர் மீது இரக்கப்படுவதற்குச் செலவில்லை. இந்தியரிடம் நியாயமாக நடந்துகொள்ள, சொந்தத் தொகுதி வாக்காளரின் வருமான வரி ஏற வேண்டியிருக்கும்.

எண்ணிக்கையில் வராதவர்கள்

முதல் கட்டம் அரசு சொன்னபடியே முடிந்தது போலிருந்தது. டிசம்பர் 2ஆம் தேதி ஜெனரல் ராபர்ட்ஸ் பெய்வார் கோத்தல் கணவாயைப் பிடித்தார். வடக்கே ஓடிய ஷேர் அலி 1879 பிப்ரவரியில் மசார்-இ-ஷரீஃபில் இறந்தார். மே 26ஆம் தேதி அவர் மகன் யாகூப் கான் கந்தமக்கில் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். கணவாய்கள் பிரிட்டிஷார் கையில், காபூலில் பிரிட்டிஷ் தூதர், அமீருக்கு ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய். லண்டனில் வெற்றி விழா.

அந்த வெற்றியோடு திரும்பிய படையைக் கைபரின் கோடை வெயிலில் காலரா தாக்கியது. ஏப்ரலில் ஹரித்துவார் கும்பமேளாவில் கிளம்பி வடமேற்கே பரவிய காலரா அது. இந்தப் போர் முழுக்கவும் இப்படித்தான்: குண்டும் வாளும் கொன்றதைப் போலப் பல மடங்கு பேரை நோய் கொன்றது. நம் பக்கத்துச் சென்னைச் சேப்பர்ஸ் பட்டாளத்தாரும் கைபர் வழியில் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். சமவெளியின் பருத்தி உடுப்போடு போய் ஆப்கன் மலைக் குளிரில் விறைத்தவர்களும் உண்டு.

சிப்பாய்களாவது பட்டியலில் இருந்தார்கள். மூட்டை தூக்கியவர்கள், ஒட்டகம் ஓட்டியவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், சமையற்காரர்கள் பெரும்பாலும் எந்தப் பட்டியலிலும் இல்லை. சிந்து, பஞ்சாப் பகுதிகளிலிருந்து வாடகைக்கும் வலுக்கட்டாயமாகவும் பிடித்துக்கொண்டுபோன ஒட்டகங்களில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானவை செத்தன. பாலைவன ஒட்டகத்துக்கு மலைப் பனியும் புதுத் தீனியும் ஒத்துவராது என்பது ஒட்டகக்காரனுக்குத் தெரியும்; படைக்குச் சரக்கு வழங்கும் கமிசரியட் அதிகாரிக்குத் தெரியவில்லை. ஒட்டகத்தை இழந்த சிந்துக் குடியானவனுக்கு அதுவே நிலமும் வண்டியும். அந்த இழப்பைப் போர்ச் செலவில் யாரும் முழுதாக ஏற்றவில்லை.

ஆப்கானியர்களில் எத்தனை பேர் என்று எண்ணவே முயலவில்லை. செப்டம்பர் 3ஆம் தேதி, சம்பள பாக்கி கேட்டுக் கிளம்பிய ஆப்கன் துருப்புகள் காபூல் தூதரகத்தைத் தாக்கித் தூதர் கவாக்னாரியையும் உடனிருந்தவர்களையும் கொன்றார்கள். கந்தமக் உடன்படிக்கையின் ஆயுள் நூறு நாள். மறுபடியும் போர். அக்டோபரில் காபூலைப் பிடித்த ராபர்ட்ஸ், எண்பதுக்கும் மேற்பட்டவர்களைத் தூக்கிலிட்டார். படையெடுத்து வந்தவனை எதிர்த்துப் போரிடுவது எப்போதிலிருந்து தூக்குக் குற்றம் என்று எழுத்தாளர் ஃபிரடெரிக் ஹாரிசன் லண்டனில் எழுதினார். நவம்பரில் லிபரல் கட்சியின் கிளாட்ஸ்டன் ஸ்காட்லாந்தின் மிட்லோதியன் தொகுதியில் ஊர் ஊராகப் பேசினார். ஆப்கானிஸ்தானின் பனி மலைக் கிராமத்தில் இருக்கும் உயிரும் உங்கள் உயிரைப் போலவே கடவுளின் பார்வையில் புனிதமானது என்று டால்கீத்தில் பெண்கள் கூட்டத்தில் சொன்னார். உயிரிழப்பு என்ற பத்தியில் எதிரியையும் சேர்க்கச் சொன்ன குரல் ஓட்டுக் கேட்கும் மேடையில் ஒலித்தது அன்று புதுசு.

காணாமல் போன ஒரு கோடியே இருபது லட்சம்

1880 பிப்ரவரியில் ஸ்ட்ரேச்சி கடைசி பட்ஜெட்டை வாசித்தார். போரின் மொத்தச் செலவு, எல்லை ரயில்பாதை நீங்கலாக, சுமார் 57.5 லட்சம் பவுன். எல்லாம் கைக்குள் இருக்கிறது, உபரிகூட வரும். மார்ச் கடைசியில் இங்கிலாந்தில் பொதுத்தேர்தல்.

சில வாரங்களில் ஓர் அதிசயம் நடந்தது. கணக்கில் செலவு ஏறவில்லை. கஜானாவில் காசு இறங்கிக்கொண்டே போனது. என்ன நடந்தது என்றால், எல்லையில் இருந்த கமிசரியட் அதிகாரிகள் தானியத்துக்கும் ஒட்டகத்துக்கும் கூலிக்கும் வேண்டிய ரொக்கத்தைப் பக்கத்து மாவட்டக் கஜானாக்களிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தார்கள். ராணுவக் கணக்கு இலாகாவோ ரசீது வந்து, சரிபார்த்து முடித்த தொகையை மட்டுமே செலவாக எழுதியது. தணிக்கை மாதக்கணக்கில் பின்தங்கிக் கிடந்தது. ஸ்ட்ரேச்சி பார்த்தது தணிக்கை முடிந்த கணக்கை. போர் தின்றது தணிக்கைக்கு வராத பணத்தை.

தோண்டத் தோண்டத் தொகை வளர்ந்தது. முடிவில் ரயில்பாதை இல்லாமலே ஒன்றே முக்கால் கோடி பவுன். மதிப்பீட்டில் விட்டுப்போனது மட்டும் ஒரு கோடியே இருபது லட்சத்தை ஒட்டி. தேர்தலுக்காக மறைத்தார்கள் என்று பேச்சு எழுந்தது; அது நிரூபணமாகவில்லை. கவனக்குறைவு என்பதே முடிவு. பஞ்ச முகாமில் கால் ராத்தல் அரிசிக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்த நிர்வாகத்தில், ஒரு கோடிப் பவுன் கவனக்குறைவாகப் போக முடிந்தது.

ஆண்டுக்கு 15 லட்சம் என்று பஞ்சத்துக்கு ஒதுக்கச் சொன்ன தொகையோடு இதை வைத்துப் பாருங்கள். பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சக் காப்பீடு இரண்டு ஆண்டில் மலையேறிப் போயிருந்தது. இதற்கு நடுவே, 1879 மார்ச்சில், முரட்டுத் துணி வகைகளின் மீதான இறக்குமதி வரியை லான்காஷயர் ஆலைகளின் வற்புறுத்தலுக்காக லிட்டன் நீக்கினார். தம் சபையின் பெரும்பான்மையோர் எதிர்த்தும், வைசிராயின் தனி அதிகாரத்தைக் கொண்டு செய்தார். மான்செஸ்டர் துணிக்கு வரி குறைந்த அந்த ஆண்டில் சென்னை உப்புக்கு வரி அப்படியே நின்றது.

கையிருப்பில் மிஞ்சியது

ஏப்ரலில் கிளாட்ஸ்டன் வென்றார். லிட்டன் ராஜினாமா செய்ய, ரிப்பன் வந்தார். ஆனால் போர் ஒருவர் வருகைக்காக நிற்குமா? ஜூலை 27ஆம் தேதி மைவந்தில் யாகூப் கானின் தம்பி அயூப் கானிடம் ஜெனரல் பரோஸின் படை சிதறியது. சுமார் 2,500 பேரில் ஆயிரத்தை ஒட்டியவர்கள் மாண்டார்கள். ராபர்ட்ஸ் பத்தாயிரம் பேரோடு காபூலிலிருந்து காந்தகாருக்கு மூன்று வாரத்தில் நடந்துபோய், செப்டம்பர் 1ஆம் தேதி அயூப் கானை முறியடித்தார். அந்த நடை பள்ளிப் புத்தகங்களில் ஏறியது. மைவந்துக்கு அனுப்பிய முடிவு யாருடையது என்பது அவ்வளவாக ஏறவில்லை.

காந்தகாரை வைத்துக்கொள்வதா விடுவதா என்று 1881 மார்ச்சில் மறுபடி பார்லிமென்டில் விவாதம். இம்முறை பேச்சின் சுருதியே வேறு. எத்தனை பட்டாளம் வேண்டும், வருஷத்துக்கு என்ன செலவு, இந்திய வருமானம் தாங்குமா என்று எல்லோரும் கணக்குக் கேட்டார்கள். காரணம் இருந்தது. போர்ச் செலவில் 50 லட்சம் பவுனை இங்கிலாந்து ஏற்க வேண்டும் என்று கிளாட்ஸ்டன் அரசு முடிவு செய்திருந்தது. ஃபாசெட் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான். ஆனாலும் பில் முதன்முறையாக லண்டன் மேசைக்கு வந்திருந்தது. பிரபுக்கள் சபையில் லிட்டனே எழுந்து காந்தகாரை விடக்கூடாது என்று வாதாடி அங்கே வென்றார். மக்கள் சபை விட்டுவிடச் சொன்னது. ஏப்ரலில் படை வெளியேறியது.

சரி, கிடைத்தது என்ன? போரை ஆதரித்தவர்கள் சொல்லும் பதிலையும் கேட்க வேண்டும். கைபர், பிஷின், சிபி கையில் நின்றன. 1880இல் அமீரான அப்துர் ரஹ்மான் தம் வெளியுறவைப் பிரிட்டிஷாரிடம் விட்டுவிட்டு ஆண்டார். அந்த ஏற்பாடு 1919 வரை நீடித்தது. நாற்பது ஆண்டு ரஷ்யா இந்தியாவுக்கு வரவில்லை. ஆக, செலவுக்குப் பலன் உண்டு.

இந்த வாதத்தில் ஓர் ஓட்டை. அப்துர் ரஹ்மான் யார்? பதினோரு ஆண்டு சமர்கந்தில் ரஷ்யரின் உபகாரச் சம்பளத்தில் வாழ்ந்தவர். காபூலில் ரஷ்யச் செல்வாக்குக் கூடாது என்று தொடங்கிய போர், ரஷ்யரின் உப்பைத் தின்றவரை அரியணையில் ஏற்றி முடிந்தது. காபூலில் பிரிட்டிஷ்காரத் தூதர் இருந்தே தீர வேண்டும் என்று கெடு வைத்தார்களே, அந்தக் கோரிக்கையைக் கைவிட்டார்கள். அவருக்கு 1883 முதல் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் மானியம். அதுவும் இந்தியக் கஜானாவிலிருந்து. துணைக்கு வருவோம் என்ற உறுதி, கொஞ்சம் பணம், உள்விவகாரத்தில் தலையிடாமை: இந்த மூன்றையும்தான் ஷேர் அலி பத்து வருஷம் முன்பு கேட்டார். ஒரு கடிதத்தில் முடிந்திருக்கக் கூடியதற்கு ஒன்றே முக்கால் கோடிப் பவுனும் பல்லாயிரம் உயிரும் போயின.

ஒரு போரின் செலவு தகுமா என்று கேட்பவர்கள் வழக்கமாக ஒரு தட்டில் செலவையும் மறு தட்டில் பலனையும் வைத்து நிறுப்பார்கள். இந்தப் போரின் கதை, தராசைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று பார்க்கச் சொல்கிறது. போரை முடிவு செய்த உத்தியோகஸ்தர்களுக்கு லைசென்ஸ் வரி இல்லை. அதை ஆதரித்து வாக்களித்தவர்களின் தொகுதிக்கு முதலில் செலவே இல்லை. அடுத்தவன் பணம் என்பதால் 1878இல் அது மலிவான போராகத் தெரிந்தது. சொந்தப் பணத்தில் ஒரு பங்கு போனதும் 1881இல் காந்தகார் விலை உயர்ந்ததாகத் தெரிந்தது. இடையில் மலைகளும் மாறவில்லை, ரஷ்யாவும் மாறவில்லை.

பணம் கொடுத்தவர்கள் என்ன சொன்னார்கள்? வடக்கே இந்திய மொழிப் பத்திரிகைகளை அடக்க 1878 மார்ச்சிலேயே சட்டம் வந்துவிட்டது. போருக்கு இரண்டு மாதம் முன்பு, செப்டம்பர் 20ஆம் தேதி, சென்னையில் ஜி. சுப்பிரமணிய ஐயரும் வீரராகவாச்சாரியாரும் நண்பர்களும் சேர்ந்து தி ஹிந்து என்ற ஆங்கில வார இதழைத் தொடங்கியிருந்தார்கள். அரசின் வரவு-செலவைப் படித்துக் கேள்வி கேட்கும் ஒரு தலைமுறை அந்த ஆண்டுகளில் உருவாகிக்கொண்டிருந்தது. 1885 டிசம்பரில் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் அதே சுப்பிரமணிய ஐயர்.

அந்த மாநாடு ராணுவச் செலவை உயர்த்துவது தேவையற்றது என்று ஒரு தீர்மானம் போட்டது. அடுத்த தீர்மானம் இன்னும் கூர்மையானது. செலவைக் குறைக்கவே முடியாது என்றால், முதலில் நீக்கிய இறக்குமதி வரியைத் திரும்பப் போடுங்கள். பிறகு இதுவரை விலக்குப் பெற்றிருக்கும் உத்தியோகஸ்தர்களையும் லைசென்ஸ் வரிக்குள் கொண்டு வாருங்கள். எழுபத்திரண்டு பேர் கூடிய ஒரு மண்டபத்தில் அவர்கள் போட்டுவைத்த நிபந்தனை அது: போர் வேண்டும் என்று சொல்பவர் முதலில் தம் பங்கைக் கட்டட்டும்.

அரசு அந்தத் தீர்மானத்தை எப்படி எடுத்துக்கொண்டது, அதே ஆண்டு ஆப்கன் எல்லையில் பஞ்ச்தேயில் கேட்ட துப்பாக்கிச் சத்தம் 1886இன் வருமான வரியாக எப்படி வந்து விழுந்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)